முதல் மண் சுவர் அரசு அலுவலகத்துக்கு எழும்பட்டும்

ஊரக வளர்ச்சித் துறையில் வீட்டுத் திட்டங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கும், கட்டடக்கலை, கட்டுமானப் பொறியியல் கல்லூரிகளில் மண்ணை ஆராயும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும்,

வணக்கம்.

ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் போகும் பக்கம், கடலுக்கும் கண்மாய்க்கும் நடுவே இருக்கும் ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். அப்பா கொத்தனார். நான் கட்டுமானத்தில் டிப்ளமோ முடித்துவிட்டுப் பதினெட்டு ஆண்டுகளாக இந்தக் கரையோர ஊர்களில் சிறு வீடுகளைக் கட்டிக்கொடுத்து வருகிறேன். இதுவரை நான் கட்டியவை எல்லாமே சிமெண்ட் வீடுகள். அந்தச் சோற்றைத் தின்றுகொண்டுதான், மண்ணால் சுவர் கட்டுவதைப் பற்றி இதை எழுதுகிறேன்.

சென்ற ஐப்பசியில் எங்கள் தெருவில் ஒரு அக்காவின் தொகுப்பு வீட்டில், விடியற்காலையில் மேல்தளத்துக் காரை பெயர்ந்து பாயில் விழுந்தது. பிள்ளை அப்போதுதான் எழுந்து வாசலுக்குப் போயிருந்தான். வீடு கட்டி இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. நான் ஓடிப்போய் அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முறம் அளவு இருந்தது. ஒரு பக்கம் வெள்ளையடித்த வழவழப்பு. மறுபக்கம் கம்பி படுத்திருந்த தடம், அந்தத் தடம் நெடுகத் துரு. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உரிந்து வந்தது. அண்ணாந்து பார்த்தேன். எட்டு மில்லிமீட்டர் கம்பி ஈர்க்குச்சி அளவுக்கு இளைத்துப்போய்த் தொங்கியது.

எங்கள் பக்கம் இது புதுச் செய்தி இல்லை. தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை எந்தக் கடலோர ஊருக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். உப்புக் காற்றும் உப்பேறிய மணலும் உவர்த் தண்ணீரும் சேர்ந்து கம்பியை அரிக்கும்போது, உண்டாகும் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கிறது. இடம் கிடைக்காததால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. வேலையைச் சரியாகச் செய்தால் இது இவ்வளவு சீக்கிரம் நடக்காது என்பீர்கள். உண்மைதான். ஆனால் சரியாகச் செய்ய நல்ல தண்ணீர் வேண்டும். குடத்துக்கு இவ்வளவு என்று விலை கொடுத்துத் தண்ணீர் வாங்கும் ஊரில், மணலில் ஊற்றுத் தோண்டி அகப்பையால் அள்ளும் ஊரில், சிமெண்ட் இறுகுவதற்காகச் சுவருக்கு ஏழு நாளும் தளத்துக்குப் பதினான்கு நாளும் அடிக்க நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? உவர்த் தண்ணீரை அடிக்கிறோம். அல்லது மூன்றாம் நாளோடு நிறுத்திவிடுகிறோம். நானும் நிறுத்தியிருக்கிறேன்.

இதோடு சேர்ந்த இன்னொரு கணக்கு உலகத்துக்கே பொதுவானது. 100 கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். அது கல்லுக்குள்ளிருந்தே வருவது. சிமெண்ட் சூளையை 1450 டிகிரிக்கு ஏற்ற எரிக்கும் நிலக்கரியின் புகை இதற்கு மேல். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் 100-க்கு 7, 8 பங்கு சிமெண்டிலிருந்து வருகிறது. 2024-இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்று இலக்கு. ஒவ்வொன்றும் 360 சதுர அடி. பெருக்கினால் 28 கோடியே 80 லட்சம் சதுர அடி வருகிறது. குடிசைக்குள் மழையில் நனைந்தவளுக்கு அந்தத் திட்டத்தின் அருமை தெரியும், எனக்கும் தெரியும். அத்தனை சதுர அடியும் எதனால் எழும்பப் போகிறது என்று கேட்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

கட்டுமானப் பொருள் ஓர் ஊரை என்ன செய்யும் என்பதைக் கண்ணால் கண்ட கரை இது. ஒரு காலத்தில் கல்லும் சுண்ணாம்பும் கடலுக்குள்ளிருந்தே வந்தன. பவளப்பாறையை வெட்டிச் சுவராக அடுக்கினார்கள், சூளையில் இட்டு நீற்றினார்கள். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகும் தனுஷ்கோடியில் நிற்கும் தேவாலயச் சுவரைத் தொட்டுப் பார்த்தால், பவளக்கல்லின் கண் கண்ணான துளைகள் இன்றும் விரலில் உறுத்தும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. பவளப்பாறையை அளவில்லாமல் வெட்டியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. அதற்குள் இரண்டு தீவுகளைச் சுவராகக் கட்டி முடித்திருந்தோம்.

இனி மண்ணுக்கு வருகிறேன்.

அப்பா இளவயதில் மண் சுவர் வைத்தவர். சிமெண்ட் வந்த பிறகுதான் கரண்டி பிடித்தார். கண்மாய் தூர்வாரும் இடத்தில் நின்றால் இன்றும் அவர் கை சும்மா இருக்காது. ஒரு சிட்டிகை மண்ணை உள்ளங்கையில் கசக்கி, நுனிநாக்கில் தொட்டுத் துப்புவார். கரித்தால் அந்தக் குழியே வேண்டாம் என்பார். கரிக்காவிட்டால் நனைத்துப் பிசைந்து, பெருவிரல் கனத்துக்குத் திரியாக உருட்டி, உள்ளங்கை ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல வெளியே தள்ளுவார். உடனே அறுந்து விழுந்தால் மணல் மிகுதி. அறாமல் கயிறுபோல் நீண்டுகொண்டே போனால் களி மிகுதி, அந்தச் சுவர் காய்ந்ததும் வாய் பிளக்கும். ஒரு விரல் நீளம் தொங்கி அறுந்தால், "இது நிக்கும்" என்று அந்த இடத்தில் ஒரு குச்சியை ஊன்றிவிட்டு நடப்பார்.

அவரைப் பார்த்து நானும் இரண்டு ஆண்டுகளாக மண் சேர்க்கிறேன். கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர். குலுக்கி வைத்தால் சரளையும் மணலும் கண்ணெதிரே கீழே உட்காரும், அதன்மேல் வண்டல் படியும், களி மறுநாள்வரை கலங்கி நின்று கடைசியாக இறங்கும். ஒவ்வொரு அடுக்கையும் அளவுகோலால் அளந்து சீட்டில் எழுதி ஒட்டுகிறேன். இப்போது பதினோரு கண்மாய்களின் மண் எங்கள் வீட்டு மாடத்தில் வரிசையாக நிற்கிறது. உச்சிப்புளிப் பக்கத்துப் புட்டியில் ஏறக்குறைய முழுவதும் மணல், மேலே நகக்கண் கனத்துக்குக் களி. முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசல் புட்டியில் அது தலைகீழ். கரையில் மணல் இருக்கிறது, களி இல்லை. உள்ளே களி இருக்கிறது, மணல் இல்லை. நடுவே ஒன்றிரண்டு மணி நேரப் பஸ் பயணம்தான். (கடற்கரை மணலையும் மணல்மேட்டையும் தொடச் சொல்வதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. அவை எங்களைப் புயலிலிருந்து காக்கும் கரைகள். தூர்வாரும் கண்மாய்களிலேயே மணற்பாங்கானவையும் களிப்பாங்கானவையும் இருக்கின்றன.)

மண்ணை ஆராயும் உங்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இதிலிருந்துதான் தொடங்குகிறது. மண் கட்டுமானத்தில் நம் நாட்டுக்கு அனுபவம் இல்லாமல் இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் தொடங்கிய அஸ்திரா என்னும் ஊரகத் தொழில்நுட்ப மையம், சூளையில் வைக்காமல் இயந்திரத்தில் அழுத்திச் செய்யும் மண்கல்லை ஊரகத்துக்குக் கொண்டுபோனது. 1989-இல் தொடங்கிய ஆரோவில் மண் நிறுவனம் அதையே உலகத்துக்குக் கற்றுத் தருகிறது. இந்திய தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 1725 என்று இதற்கென்றே ஒரு விதி பல பத்தாண்டுகளாக இருக்கிறது. 2013-இல் திருத்தியும் வெளியிட்டார்கள். ஒரே தளமுள்ள சிறு வீட்டின் சுவர் தாங்க வேண்டிய பாரம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோதான். ஒழுங்காகச் செய்த மண்கல் நனைந்த நிலையிலும் 20 கிலோ தாங்கும். ஆகவே, "மண் தாங்குமா?" என்ற கேள்விக்கு விடை வந்து வெகுநாள் ஆகிவிட்டது.

விடை வராத கேள்வி வேறு. ஆரோவில்லில் இருப்பது செம்மண். எங்கள் கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மணற்பாங்கான மண்ணுக்குச் சிமெண்ட் கொஞ்சம் சேர்த்தால் போதும், களிமண்ணுக்குச் சுண்ணாம்புதான் பொருந்தும் என்பது பொதுவிதி. எவ்வளவு சுண்ணாம்பு, எத்தனை நாள் புளிக்க வைப்பது, எந்தக் கண்மாய் மண்ணோடு எதை எந்த அளவில் கலப்பது என்பதை எங்கள் மண்ணைக் கையில் எடுத்து யாராவது பார்த்தால்தான் சொல்ல முடியும். இன்னொன்று உப்பு. ஈரம் சுவரில் ஏறும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு ஏறுகிறது. வெயிலில் ஈரம் போய்விடும், உப்பு நின்று படிகமாகி மேல்தோலை உள்ளிருந்து தள்ளும். சுவரில் உப்புப் பூத்தது என்கிறோமே, அதுதான். மதுரையிலோ சென்னையிலோ ஓர் ஆய்வுக்கூடத்தில் குழாய்த் தண்ணீரைத் தெளித்துச் செய்த சோதனையில் தேறிய கல், திருப்பாலைக்குடியில் ஓர் ஆடி மாதத்துக் காற்றைத் தாண்டுமா என்று எனக்குத் தெரிய வேண்டும். இரண்டாவது மழைக்காலம் முடிந்து அடிச்சுவரில் எத்தனை விரல் உயரத்துக்குப் பொரிந்தது என்று தெரிய வேண்டும். அதற்கு இந்தக் கரையில்தான் சுவர் வைத்துப் பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டிய பொருள்களும் இங்கேயே கிடக்கின்றன. கிளிஞ்சல் சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுடும்போதும் கரியமில வாயு வெளியேறத்தான் செய்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 900 டிகிரி போதும், பூசிய சுவர் இறுகும்போது காற்றிலிருந்து பெரும்பகுதியைத் திரும்பவும் வாங்கிக்கொள்ளும். ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்தின் ஓவியங்கள் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளாகச் சுண்ணாம்புப் பூச்சின் மேல்தான் இருக்கின்றன. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் பூச்சில் சேர்ப்பதைப் பழைய கொத்தனார்கள் கை அளவில் அறிவார்கள். அந்தக் கை அளவை எடைக்கல்லில் நிறுத்திப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? பனை நாரும் தும்பும் வெடிப்பைத் தடுக்கும். எங்கள் பெண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் முங்கி எடுக்கும் கட்டக்கோரைப் பாசியில் ஆல்ஜினேட் என்ற பசைப்பொருள் இருக்கிறது. அதை மண்ணோடு சேர்த்துக் கல்லின் உறுதியைக் கூட்ட முடியுமா என்று வெளிநாடுகளில் சோதித்திருக்கிறார்கள். பாசியை ஆராயும் நிலையமோ இங்கே மண்டபத்திலேயே இருக்கிறது. மண்ணை ஆராய்கிறவரும் பாசியை ஆராய்கிறவரும் ஒருநாள் உட்கார்ந்து பேசினாலே போதும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

இவ்வளவு சொன்ன பிறகு, எதிர்ப்பக்கத்தையும் நானே சொல்லிவிட வேண்டும். மண் வீட்டை நினைத்து உருகும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் முழங்கை ஞாபகம் வரும். மார்கழி முடிந்தால் சுவர் பூச்சு, பொங்கலுக்கு வெள்ளை, வெள்ளிக்கிழமைதோறும் சாணி மெழுகல், மழை விட்டால் அடிச்சுவருக்கு மண் அணைப்பது. எல்லாம் அவள் கைதான். அப்பா ஒருமுறை வைத்த சுவரை அவள் முப்பது ஆண்டுகள் திரும்பத் திரும்பக் கட்டினாள். அதற்குக் கூலியும் இல்லை, பெயரும் இல்லை. மச்சு வீடு வேண்டும் என்று அவள் அழுது அடம்பிடித்ததை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ஆகவே, குறைந்த கார்பன் என்று நீங்கள் போடும் கணக்கில் பராமரிப்பு நேரத்தையும் ஒரு பத்தியாகச் சேருங்கள். ஆண்டுக்கு எத்தனை மணி நேரம், யாருடைய நேரம் என்று எழுதுங்கள். அந்த எண் குறையாத வரை எந்தப் பெண்ணும் உங்கள் சுவருக்குச் சம்மதிக்க மாட்டாள்.

மழையும் அப்படித்தான். எங்கள் மாவட்டத்தில் ஆண்டு முழுவதற்கும் 80 சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் மழை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. அப்படி ஒரு நாளுக்குத் தாங்காத சுவரை யாருக்கும் கொடுக்கக் கூடாது. முழங்கால் உயரத்துக்குக் கருங்கல் அடித்தளம், ஈரம் ஏறாமல் நடுவே ஒரு தடுப்பு, சுவரைத் தாண்டி இரண்டு முழம் நீளும் தாழ்வாரம் இல்லாமல் மண் சுவர் வைப்பது குற்றம் என்பேன்.

இப்போது எனக்கு நெஞ்சில் தைத்திருக்கும் ஒன்று. நான்கு ஆண்டுகளுக்கு முன், அரசு உதவியில் வீடு கட்டிய ஒரு குடும்பத்துக்காக, சூளைச் செங்கல்லுக்குப் பதில் அழுத்திய மண்கல்லைப் பயன்படுத்தலாமா என்று கேட்டு, ஐ.எஸ். 1725 நகலையும் கையில் எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் நகலைப் புரட்டவே இல்லை. "மண் சுவருக்குப் பில் போட முடியாதும்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. இரக்கம்தான் இருந்தது. வெளியே வந்ததும் அந்தக் குடும்பத் தலைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களை மறுபடியும் மண்ணுக்குள்ளேயே தள்ளாதே தாயி" என்றார். அவர் கேட்டதுதான் இன்றும் வலிக்கிறது. ஊர் ஓரத்தில் எந்தத் தெருவில் மண் சுவர் மிஞ்சியிருக்கிறது, யாருடைய தெரு அது என்று எல்லோருக்கும் தெரியும். மண் சுவர் என்றால் ஏழை வீடு, ஒடுக்கப்பட்டவர் வீடு என்று தலைமுறைகளாகப் பழக்கிவிட்டோம். அதே மண்ணில் வசதியுள்ளவர்கள் தோட்ட வீடும் விடுதியும் கட்டி, ஒரு இரவுக்கு எங்கள் கொத்தனாரின் பத்து நாள் கூலியை வாடகையாக வாங்குகிறார்கள். அவர்களுக்கு அது அழகு. இவர்களுக்கு அது இழிவு. கல்லின் உறுதியை மட்டும் சோதித்துக்கொண்டிருந்தால் இந்த வேறுபாடு போகாது.

ஆகவே, துறை அதிகாரிகளிடம் நான் கேட்பது இது. ஏழையின் வீட்டைச் சோதனைக்களம் ஆக்காதீர்கள். இந்தக் கரையில் முதல் மண் சுவர் உங்கள் அலுவலகத்துக்கு எழும்பட்டும். ஊராட்சி அலுவலகம், கிராம நிர்வாக அலுவலர் உட்காரும் அறை, நூலகம் இவற்றில் ஒன்றைக் கட்டுங்கள். பொறியாளரும் தலைவரும் அதற்குள் உட்கார்ந்து மூன்று மழைக்காலம் பார்க்கட்டும். சித்திரை வெயிலில் உள்ளே எப்படி இருக்கிறது என்று மனுக் கொடுக்க வருகிறவர்கள் வாசற்படியில் நின்று உணரட்டும். அதற்கு முன்பே, கடலிலிருந்து 100 மீட்டரில் ஒன்று, 1 கிலோமீட்டரில் ஒன்று, 5 கிலோமீட்டரில் ஒன்று என்று ஆள் உயரச் சோதனைச் சுவர்களைப் பொது இடத்தில் வையுங்கள். என்ன கலவை என்று பலகையில் எழுதிப்போடுங்கள். பொரிந்தால் பொரிந்தது என்றும் எழுதுங்கள். தேறிய கலவைக்கு, அரசு வேலைகளுக்கு விலை வகுக்கும் உங்கள் விலைவிகிதப் பட்டியலில் ஓர் இடம் கொடுங்கள். அங்கே இடம் இல்லாத வரை எந்தப் பொறியாளராலும் பில் போட முடியாது என்பது எனக்கும் புரிகிறது.

கனவு இல்லத்தின் 360 சதுர அடியில் 300-க்குத்தான் கான்கிரீட் தளம் கட்டாயம், மீதி 60 சதுர அடிக் கூரையில் பயனாளியின் விருப்பத்துக்கு இடம் விட்டிருக்கிறீர்கள். கூரைக்கு விட்ட அந்த இடத்தைச் சுவருக்கும் விடுங்கள், விதி தேறிய கல்லாக இருந்தால் மட்டும். விரும்புகிறவர் எடுத்துக்கொள்ளட்டும், விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம்.

கல்லூரிகளுக்கு ஒன்று. ஆய்வுக்கு வரும்போது எங்கள் சித்தாள்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மண் குழைக்கும் பெண்களின் காலுக்குத் தெரிந்த பதம் எந்த இயந்திரத்துக்கும் தெரியாது. ஆனால் சிமெண்ட் வேலையில் அவர்கள் வாழ்நாள் முழுவதும் சட்டி தூக்குகிறவர்கள்தான், கரண்டி அவர்கள் கைக்கு வருவதில்லை. மண்கல் வேலையில் பயிற்சியும் சான்றிதழும் கொத்தனார் கூலியும் அவர்களுக்குக் கிடைக்கும்படி செய்யுங்கள். உங்கள் ஆய்வறிக்கையில் அவர்கள் பெயரும் இருக்கட்டும். முடிவுகளைத் தமிழில், கொத்தனார் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் அளவில், ஒரு தாளாக அச்சிட்டுத் திருப்பிக் கொடுங்கள். மண்ணை வாரிக்கொண்டு போனவர்களை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம்.

பங்குனி பிறந்தால் எங்கள் கண்மாய் வற்றத் தொடங்கும். சித்திரையில் வெட்டலாம். அப்போது வாருங்கள். பதினோரு புட்டிகளும் மாடத்தில் இருக்கின்றன, எந்தக் கண்மாய், எந்த மூலை, எத்தனை அடி ஆழம் என்று சீட்டோடு. அப்பாவுக்கு எழுபத்தாறு வயதாகிறது. கண் மங்கிவிட்டது, நாக்கு மங்கவில்லை. உங்கள் உப்புமானியையும் கொண்டுவாருங்கள். அவர் துப்பிய குழியிலும் குச்சி ஊன்றிய குழியிலும் வைத்து ஒவ்வொன்றாக அளந்து, எண்ணைக் குறித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
தேவிபட்டினம் பக்கத்திலிருந்து
ஒரு கொத்தனாரின் மகள்